கம்ப்யூட்டரில் பாப்-அப், ஸ்பைவேர் தொல்லை: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வீட்டுக் கம்ப்யூட்டரில் விளம்பரம் வந்து கொட்டுகிறது, யாரோ வேவு பார்க்கிறார்களோ என்று பயமாக இருக்கிறது என்று கேட்பவர்கள் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். கேட்பதற்கு முன்பே பலர் பதற்றத்தில் ஏதோ ஒரு "கிளீனர்" இறக்கிப் போட்டு, சின்னத் தொல்லையைப் பெரிய தொல்லையாக ஆக்கியிருப்பார்கள். புதிதாக ஒன்றைப் போடும் முன், வருவது எங்கிருந்து வருகிறது என்று பாருங்கள். கீழே உள்ள பதில்கள் எல்லாவற்றுக்கும் அடிப்படை அதுதான்.

விண்டோஸ் 10, 11 இரண்டையும் மனதில் வைத்து எழுதியிருக்கிறேன். மேக் வைத்திருப்பவர்களுக்குத் தனிக் கேள்வி இருக்கிறது. மெனுப் பெயர்கள் திரையில் தெரியும் ஆங்கில ஒலிப்பிலேயே இருக்கும்.

1. திரையோட வலது மூலையில நாள் முழுக்க விளம்பரம் வந்துக்கிட்டே இருக்கு. வைரஸ் புகுந்துடுச்சா?

பெரும்பாலும் இல்லை. மெயில் வந்தால் மூலையில் எட்டிப் பார்க்குமே, அதே மாதிரிச் சின்னப் பெட்டியில் "5 வைரஸ் இருக்கிறது", "பரிசு விழுந்திருக்கிறது" என்று வந்தால் அது பிரவுசர் நோட்டிபிகேஷன். எப்போதோ ஒரு தளத்தில் "அலவ்" பட்டனை யாரோ அழுத்தியிருக்கிறார்கள். "வீடியோ ஓட வேண்டுமா, அலவ் அழுத்துங்கள்", "நீங்கள் ரோபோ இல்லையென்றால் அலவ் அழுத்துங்கள்" என்று கேட்டு அழுத்த வைத்திருப்பார்கள். வீடியோவுக்கும் அந்த பட்டனுக்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. அந்த ஒரு கிளிக்கோடு, நினைத்த நேரமெல்லாம் உங்கள் திரையில் எழுத அந்தத் தளத்துக்கு அனுமதி கிடைத்துவிட்டது.

அடுத்த முறை வரும்போது மூடாமல் ஒரு நிமிடம் உற்றுப் பாருங்கள். ஆன்டிவைரஸ் கம்பெனியின் சின்னம் பெரிதாக இருக்கும். அதைச் சுற்றி எங்காவது சிறிய எழுத்தில் ஒரு இணைய முகவரியும், குரோம் அல்லது எட்ஜ் என்ற பெயரும் இருக்கும். சின்னத்தையும் வாசகத்தையும் அவர்கள் இஷ்டப்படி போடலாம். அந்த முகவரியைப் போடுவது பிரவுசர். அதை அவர்களால் மாற்ற முடியாது. முகவரி தெரிந்தால், அந்தப் பெட்டி ஒரு வலைத்தளத்திலிருந்து வருகிறது என்று அர்த்தம். முகவரியைக் குறித்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் எங்கும் கிளிக் செய்யாதீர்கள்.

2. சரி, அதை எப்படி நிறுத்துறது?

குரோமில் மூன்று புள்ளி மெனு, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிபிகேஷன்ஸ் என்று போங்கள். அனுமதி பெற்ற தளங்களின் பட்டியல் வரும். குறித்து வைத்த முகவரி அதில் இருக்கும். பக்கத்தில் உள்ள மூன்று புள்ளியைத் தொட்டு "பிளாக்" கொடுங்கள். "ரிமூவ்" கொடுத்தால் அந்தத் தளம் அடுத்த முறை திரும்பவும் கேட்கும். பிளாக் செய்தால் கேட்கவே முடியாது. எட்ஜ், ஃபயர்ஃபாக்ஸ் இரண்டிலும் செட்டிங்ஸில் உள்ள தேடல் கட்டத்தில் நோட்டிபிகேஷன் என்று அடித்தால் இதே பட்டியலுக்குப் போய்விடலாம்.

அந்தப் பக்கத்திலேயே, எந்தத் தளமும் அனுமதி கேட்கக்கூடாது என்று மொத்தமாக நிறுத்தி வைக்கவும் வழி இருக்கிறது. மெயில், சாட் போன்ற ஒன்றிரண்டைத் தவிர வீட்டில் யாருக்கும் இந்த நோட்டிபிகேஷன் தேவைப்படுவதில்லை. பெற்றோர் பயன்படுத்தும் கம்ப்யூட்டரில் நான் முதலில் செய்வது இதைத்தான்.

3. பிரவுசரே திறக்கலை, அப்பவும் வருதே?

நோட்டிபிகேஷன் அப்படியும் வரும். ஜன்னலை மூடினாலும் குரோமும் எட்ஜும் பின்னணியில் ஓடிக்கொண்டிருக்கலாம். எனவே முதலில் 2ஆம் பதிலில் சொன்னதைச் செய்யுங்கள். பிறகு கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பிரவுசரை "எண்ட் டாஸ்க்" கொடுத்து முழுவதுமாக நிறுத்திவிட்டுக் கொஞ்ச நேரம் காத்திருங்கள்.

அதற்குப் பிறகும் வந்தால் கம்ப்யூட்டருக்குள் ஒரு புரோகிராம் இருக்கிறது. விளம்பர ஜன்னல் திரையில் இருக்கும்போதே டாஸ்க் மேனேஜரில் அதன் பெயரைத் தேடுங்கள். வலது கிளிக் செய்து "ஓபன் ஃபைல் லொகேஷன்" கொடுத்தால் அது குடியிருக்கும் ஃபோல்டர் திறக்கும். பெரும்பாலும் ஃபோல்டரின் பெயரே எந்த மென்பொருளோடு வந்தது என்று காட்டிக்கொடுத்துவிடும். கையால் அழிக்க வேண்டாம், பெயரை மட்டும் குறித்துக்கொண்டு 8ஆம் பதிலுக்கு வாருங்கள்.

தனி ஜன்னலாகத் திறக்கும் பழைய பாப்-அப்பை 1990களில் டிரைபாட் என்ற தளத்துக்காக முதலில் எழுதியவர்களில் ஒருவர் ஈதன் ஜக்கர்மேன். 2014இல் அதற்காக வெளிப்படையாக மன்னிப்பே கேட்டார். அந்த வகை ஜன்னல்களை இன்றைய பிரவுசர்கள் தாமாகவே தடுத்துவிடுகின்றன. அதனால்தான் விளம்பரக்காரர்கள் நோட்டிபிகேஷன் பக்கம் வந்தார்கள்.

4. ஸ்பைவேர், ஆட்வேர், வைரஸ் எல்லாம் ஒண்ணுதானே?

வேலை வேறு. ஆட்வேர் விளம்பரம் காட்டிக் காசு பார்க்கும். ஸ்பைவேர் நீங்கள் எங்கே போகிறீர்கள், என்ன தட்டச்சு செய்கிறீர்கள், என்ன பாஸ்வேர்டு சேமித்திருக்கிறீர்கள் என்று எடுத்து வெளியே அனுப்பும். வைரஸ் தன்னைத்தானே மற்ற ஃபைல்களுக்குப் பரப்பும். மால்வேர் என்பது எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர்.

ஒன்றை மனதில் வையுங்கள். ஆட்வேர் தன்னைக் காட்டிக்கொண்டே இருக்கும். கைதேர்ந்த ஸ்பைவேர் எந்தச் சத்தமும் போடாது. பாப்-அப் வருவதால் வேவு பார்க்கிறார்கள் என்று அர்த்தமில்லை. பாப்-அப் வரவில்லை என்பதால் கம்ப்யூட்டர் சுத்தம் என்றும் அர்த்தமில்லை. குக்கி என்பது வேறு சங்கதி. அது ஒரு தளம் உங்கள் பிரவுசரில் வைக்கும் சிறு குறிப்பு. ஸ்கேன் செய்து "240 டிராக்கிங் குக்கி அச்சுறுத்தல்" என்று சிவப்பில் காட்டும் மென்பொருள் உங்களைப் பயமுறுத்தப் பார்க்கிறது.

5. திடீர்னு திரை முழுக்கச் சிவப்பாகி, சைரன் சத்தத்தோட "கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்க"ன்னு வந்துச்சு. மூடவே முடியலை. என்ன செய்யணும்?

கூப்பிடாதீர்கள். அது வெறும் வலைப்பக்கம். முழுத்திரைக்குப் போய், மூடும் பட்டனை மறைத்து, ஒலியைக் கூட்டி, கம்ப்யூட்டரே பூட்டிக்கொண்டது போலக் காட்டுகிறது. உண்மையான விண்டோஸ் எச்சரிக்கை எதிலும் தொலைபேசி எண் இருக்காது. இதை மைக்ரோசாஃப்ட்டே தெளிவாகச் சொல்லியிருக்கிறது.

எஸ்கேப் விசையைச் சில விநாடிகள் விடாமல் அழுத்திப் பிடியுங்கள். முழுத்திரை விலகி, மேலே டேப் பட்டை தெரியும். அந்த டேப்பை மூடுங்கள். விலகவில்லையா, ஆல்ட்டும் எஃப் 4ம் சேர்த்து அழுத்துங்கள். அதுவும் பலிக்கவில்லை என்றால் டாஸ்க் மேனேஜர். அது பின்னால் மறைந்துகொண்டால் கண்ட்ரோல், ஆல்ட், டெலீட் மூன்றையும் அழுத்தி, அங்கே வரும் திரையிலிருந்து டாஸ்க் மேனேஜரைத் தேர்ந்தெடுங்கள். எதுவும் முடியாவிட்டால் பவர் பட்டனை அழுத்திப் பிடித்து அணைத்துவிடுங்கள்.

திரும்பப் பிரவுசரைத் திறக்கும்போது "பழைய பக்கங்களை மீட்கவா" என்று கேட்கும். வேண்டாம் என்று சொல்லுங்கள். ஆமாம் என்றால் அதே பக்கம் அதே சைரனோடு வந்து நிற்கும். பலர் "திரும்பத் திரும்ப வருது" என்று பயப்படுவது இந்த இடத்தில்தான்.

6. நான் ஏற்கெனவே கூப்பிட்டுட்டேன். அவங்க எனிடெஸ்க் போடச் சொல்லி உள்ளே வந்து பார்த்தாங்க. இப்போ?

முதலில் இணையத்தைத் துண்டியுங்கள். வைஃபையை அணையுங்கள் அல்லது கேபிளைப் பிடுங்குங்கள். அவர்கள் இணைப்பில் இருக்கும்வரை நீங்கள் செய்யும் எதையும் பார்த்துக்கொண்டே இருப்பார்கள். எனிடெஸ்க், டீம்வியூவர் இரண்டும் தொலைவிலிருந்தே கம்ப்யூட்டரை இயக்க உதவும் நேர்மையான மென்பொருள்கள்தான். ஆனால் கதவைத் திறந்துவிட்டது அவைதான். இணையம் இல்லாத நிலையிலேயே அவற்றை நீக்குங்கள். அவர்கள் வேறு தொலைவழி மென்பொருளையும் வைத்துவிட்டுப் போயிருக்கலாம். எனவே அன்றைய தேதியில் புதிதாக வந்த எல்லாவற்றையும் தேடி நீக்குங்கள்.

பணம் கொடுத்திருந்தாலோ, வங்கிக் கணக்கைத் திறந்து காட்டியிருந்தாலோ, தாமதிக்காமல் வங்கியை அழையுங்கள். எண்ணை அட்டையின் பின்புறத்திலிருந்து எடுங்கள், இணையத் தேடலில் வரும் எண்ணை நம்பாதீர்கள். சுத்தம் செய்யும் வேலை அதற்குப் பிறகு. பாஸ்வேர்டு மாற்றுவதை வேறொரு கருவியிலிருந்து செய்யுங்கள். ஏன் என்று 15ஆம் பதிலில் இருக்கிறது. சில நாள் கழித்து "உங்கள் பணத்தைத் திருப்பித் தருகிறோம்" என்று இன்னொரு அழைப்பு வரும். அதுவும் அதே கூட்டத்தின் வேலைதான். ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு வீட்டில் மறைக்காதீர்கள். மறைக்கும் ஒவ்வொரு மணி நேரமும் அவர்களுக்கு லாபம்.

7. நான் எதையுமே டவுன்லோட் பண்ணலையே, எப்படி வந்துச்சு?

தெரிந்து செய்யவில்லை என்பது உண்மைதான். பிடிஎஃப் மாற்றும் மென்பொருள், வீடியோ இறக்கும் மென்பொருள், டிரைவர் அப்டேட்டர் போன்ற இலவசமானவற்றை நிறுவும்போது "எக்ஸ்பிரஸ் இன்ஸ்டால்" என்ற பெரிய பட்டனை அழுத்தியிருப்பீர்கள். அதற்குள் இன்னும் இரண்டு மூன்று மென்பொருளுக்கு ஒப்புதல் சேர்த்து வாங்கியிருப்பார்கள். "கஸ்டம்" என்பதைத் திறந்தால்தான் அந்த டிக்குகள் தெரியும்.

இன்னொரு வழி, தேடல் முடிவில் மேலே வரும் விளம்பர இணைப்பு. ஒரு மென்பொருளின் பெயரைத் தேடினால் முதலில் வருவது சில நேரம் போலித் தளமாக இருக்கும். "ஸ்பான்சர்டு" என்று போட்டிருந்தால் தாண்டிக் கீழே போங்கள். திருட்டு மென்பொருளும், அதன் பூட்டை உடைக்கும் கிராக் ஃபைலும் அடுத்த பெரிய வாசல். அவற்றைப் போடுவதற்கு முன் ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்வார்கள். ஏன் என்று யோசியுங்கள்.

"ஃபிளாஷ் பிளேயரைப் புதுப்பிக்கவும்" என்று கேட்டால் சந்தேகமே வேண்டாம், பொய். அடோபி ஃபிளாஷ் 2020 டிசம்பர் 31ஓடு முடிந்துவிட்டது. புதுப்பிக்க ஒன்றுமே இல்லை.

8. சுத்தம் பண்ணணும். எங்கிருந்து ஆரம்பிக்கிறது?

நான் சொல்லும் வரிசையிலேயே செய்யுங்கள். முதலில் 2ஆம் பதிலில் உள்ள நோட்டிபிகேஷன் பட்டியல். அடுத்தது எக்ஸ்டென்ஷன்கள், அதாவது பிரவுசரோடு ஒட்டிக்கொள்ளும் சிறு கூடுதல் மென்பொருள்கள். நீங்கள் போட்டதாக நினைவில்லாத ஒவ்வொன்றையும் எடுத்துவிடுங்கள். கூப்பன் தேடித் தருவது, வானிலை காட்டுவது, பிடிஎஃப் மாற்றுவது என்று பயனுள்ளதாகத் தோன்றுபவைதான் அதிகம் ஏமாற்றுகின்றன. சந்தேகமாக இருந்தால் எடுத்துவிடுங்கள், தேவையென்றால் பிறகு போட்டுக்கொள்ளலாம்.

பிறகு விண்டோஸ் செட்டிங்ஸில் ஆப்ஸ், இன்ஸ்டால்டு ஆப்ஸ் (விண்டோஸ் 10இல் ஆப்ஸ் அண்ட் ஃபீச்சர்ஸ்) போய், இறக்கிய தேதிப்படி வரிசைப்படுத்துங்கள். தொல்லை எப்போது ஆரம்பித்தது என்பது உங்களுக்குத் தோராயமாகத் தெரியும். அந்த நாளை ஒட்டி வந்தவற்றை ஒவ்வொன்றாகப் பாருங்கள். நீங்கள் வேண்டுமென்றே இறக்கிய ஒரு மென்பொருள் இருக்கும். அதற்கு அடுத்தடுத்த வரிகளில், அதே தேதியில், கேள்விப்படாத பெயர்கள் இருக்கும். அவைதான் கூடவே வந்தவை. அவற்றை நீக்கும்போது "நிச்சயமாகவா? நீக்கினால் கம்ப்யூட்டருக்குப் பாதுகாப்பு இருக்காது" என்று பட்டன்களை இடம் மாற்றிக் கேட்கும். வாசகத்தைப் படித்து அழுத்துங்கள்.

இதெல்லாம் முடிந்து ரீஸ்டார்ட் செய்த பிறகுதான் ஸ்கேன். விண்டோஸ் செக்யூரிட்டி, வைரஸ் அண்ட் திரெட் புரொடெக்‌ஷன், ஸ்கேன் ஆப்ஷன்ஸ் போய் முதலில் "ஃபுல் ஸ்கேன்". கடைசியாக பிரவுசரை "ரீசெட்" செய்யுங்கள். குரோமில் ரீசெட் செய்தால் புக்மார்க்கும் சேமித்த பாஸ்வேர்டும் அழியாது. எக்ஸ்டென்ஷன்கள் அணையும், ஹோம் பேஜும் தேடுபொறியும் பழைய நிலைக்கு வரும்.

9. விண்டோஸோட வர்ற டிஃபெண்டரே போதுமா? ரெண்டு ஆன்டிவைரஸ் போட்டா இன்னும் பாதுகாப்புதானே?

பெரும்பாலான வீடுகளுக்கு டிஃபெண்டர் போதும். அதில் ஒரு சுவிட்சை மட்டும் சரிபாருங்கள். விண்டோஸ் செக்யூரிட்டியில் ஆப் அண்ட் பிரவுசர் கண்ட்ரோல், ரெப்யூட்டேஷன் பேஸ்டு புரொடெக்‌ஷன் போய், தேவையற்ற ஆப்களைத் தடுக்கும் பகுதி ஆனில் இருக்கிறதா என்று பாருங்கள். ஆட்வேர் வகைகளைப் பிடிப்பது அதுதான்.

எந்நேரமும் காவல் காக்கும் ஆன்டிவைரஸ் ஒன்றுதான் இருக்க வேண்டும். இரண்டு இருந்தால் ஒன்றை ஒன்று சந்தேகித்துக் கம்ப்யூட்டரை மெதுவாக்கும். ஆனால் இரண்டாவது கருத்துக்காக எப்போதாவது ஓடவிடும் ஸ்கேனர் தாராளமாக வைத்துக்கொள்ளலாம். மால்வேர்பைட்ஸின் இலவசப் பதிப்பு, அதே நிறுவனத்தின் ஆட்வ்கிளீனர், மைக்ரோசாஃப்ட் சேஃப்டி ஸ்கேனர் மூன்றும் அதற்குச் சரி. சேஃப்டி ஸ்கேனர் இறக்கிய 10 நாளில் காலாவதியாகிவிடும், அடுத்த முறை புதிதாக இறக்க வேண்டும். எதை இறக்கினாலும் அந்தந்த நிறுவனத்தின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும்.

10. ஒரு இலவச கிளீனர் போட்டேன். 1,300 பிரச்சினை இருக்கு, சரிசெய்யப் பணம் கட்டுன்னு சொல்லுது.

கட்டாதீர்கள், அதையே நீக்குங்கள். விண்டோஸ் தன் அமைப்புகளைக் குறித்து வைக்கும் ரெஜிஸ்ட்ரியில் மிச்சமிருக்கும் பழைய வரிகளையும் தற்காலிக ஃபைல்களையும் எண்ணிக்கையாக்கிப் பயமுறுத்துவது பழைய தந்திரம். வின்ஃபிக்ஸர் போன்ற போலிப் பாதுகாப்பு மென்பொருள்களை விற்றவர்கள்மேல் அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2008லேயே வழக்குத் தொடுத்தது. பெயர்கள் மாறியிருக்கின்றன, எண்ணைக் காட்டி மிரட்டுவது மாறவில்லை.

11. எக்ஸ்டென்ஷனை எடுத்தா மறுநாள் திரும்ப வந்துடுது. தேடுபொறியும் தானா மாறுது. ஏன்?

எங்கிருந்தோ அதைத் திரும்ப வைக்கிறார்கள். பார்க்க வேண்டிய இடங்கள் நான்கு. முதலாவது ஒத்திசைவு (சிங்க்). ஒரே கணக்கில் இரண்டு கம்ப்யூட்டர் இருந்தால், இங்கே எடுத்தது அங்கிருந்து திரும்ப இறங்கும். எல்லாவற்றிலும் ஒத்திசைவை நிறுத்திவிட்டு, ஒவ்வொன்றையும் சுத்தம் செய்து, பிறகு இயக்குங்கள்.

இரண்டாவது ஷார்ட்கட். டெஸ்க்டாப்பில் உள்ள பிரவுசர் ஐகானை வலது கிளிக் செய்து "புராப்பர்ட்டீஸ்" பாருங்கள். "டார்கெட்" என்ற கட்டத்தில் பிரவுசரின் பாதை, மூடும் மேற்கோள் குறியோடு முடிந்துவிட வேண்டும். அதற்குப் பிறகு ஒரு இடைவெளி விட்டு ஏதாவது இணைய முகவரி ஒட்டிக்கொண்டிருந்தால், பிரவுசர் திறக்கும்போதெல்லாம் அந்தத் தளம் வருவது அதனால்தான். அந்த முகவரியை மட்டும் அழித்து ஓகே கொடுங்கள். கீழே டாஸ்க்பாரில் உள்ள ஐகானும் தனி ஷார்ட்கட், அதையும் பாருங்கள்.

மூன்றாவது, டாஸ்க் ஷெட்யூலர். தினமும் ஒரு நேரத்தில் அல்லது ஒவ்வொரு முறை லாகின் செய்யும்போதும் ஏதோ ஒன்றை ஓட்டச் சொல்லி வைத்திருப்பார்கள். இடதுபுறம் உள்ள லைப்ரரியைத் திறந்து, அர்த்தமில்லாத எழுத்துக்கோவையாக இருக்கும் பெயர்களின் "ஆக்‌ஷன்ஸ்" பகுதியைப் பாருங்கள். உறுதியாகத் தெரியாவிட்டால் அழிக்காமல் "டிசேபிள்" செய்து இரண்டு நாள் பாருங்கள். நான்காவது அடுத்த கேள்வி.

12. குரோம் மெனுவில "உங்கள் நிறுவனம் நிர்வகிக்கிறது"ன்னு இருக்கு. இது வீட்டுக் கம்ப்யூட்டராச்சே?

அலுவலகங்கள் தங்கள் கம்ப்யூட்டர்களில் பிரவுசருக்கு விதி போடுவதற்காக இருக்கும் வசதி அது. அதையே பிடித்துக்கொண்டு, ஒரு எக்ஸ்டென்ஷனை நீக்கவே முடியாதபடி ஆட்வேர் பூட்டிவிடும். எக்ஸ்டென்ஷன் பக்கத்தில் "ரிமூவ்" பட்டனே இல்லாமல் இருப்பது இதன் அடையாளம். முழு ஆன்டிவைரஸ் தொகுப்புகள் சில தாமே நேர்மையாக இப்படி ஒரு விதி போடுவதும் உண்டு. அதனால் உடனே பதற வேண்டாம்.

ஆட்வ்கிளீனர் இந்த வகை விதிகளைக் குறிவைத்தே எடுக்கும். கையால் எடுப்பதென்றால் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் சாஃப்ட்வேர், பாலிசீஸ், கூகுள் என்ற கிளையில் இருக்கும்; லோக்கல் மெஷின், கரன்ட் யூசர் இரண்டின் கீழும் பார்க்க வேண்டும். ரெஜிஸ்ட்ரியில் கைவைத்துப் பழக்கமில்லாதவர்கள் இதைத் தனியே செய்ய வேண்டாம். அலுவலகம் கொடுத்த லேப்டாப் என்றால் அதைத் தொடவே கூடாது.

13. டிஃபெண்டரே திறக்க மாட்டேங்குது. ஸ்கேன் பாதியில நின்னுடுது.

இது வெறும் ஆட்வேர் அல்ல, கொஞ்சம் தீவிரமானது. பாதுகாப்பை முடக்குவதுதான் பல மால்வேர்களின் முதல் வேலை. ஸ்கேன் ஆப்ஷன்ஸ் பகுதிக்குப் போக முடிந்தால் "ஆஃப்லைன் ஸ்கேன்" கொடுங்கள். கம்ப்யூட்டர் ரீஸ்டார்ட் ஆகி, விண்டோஸ் எழும் முன்பே சோதிக்கும். மால்வேர் அந்த நேரத்தில் விழித்திருக்காது. சுமார் 15 நிமிடம் ஆகும்.

போகவே முடியாவிட்டால் ஷிஃப்ட்டை அழுத்திக்கொண்டே ரீஸ்டார்ட் கொடுங்கள். டிரபிள்ஷூட், அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ், ஸ்டார்ட்அப் செட்டிங்ஸ் வழியாகப் போய் ரீஸ்டார்ட் கொடுத்து, வரும் பட்டியலில் 5 அழுத்தினால் இணையத்தோடு கூடிய சேஃப் மோட். அதில் விண்டோஸ் அத்தியாவசியமானவற்றோடு மட்டும் எழும். 9ஆம் பதிலில் சொன்ன சேஃப்டி ஸ்கேனரை அங்கே ஓட்டுங்கள். அதிலும் முடியாவிட்டால் 19ஆம் பதில்.

14. எல்லாம் நீக்கிட்டேன். இப்போ எந்தத் தளமுமே திறக்கலை!

பல ஸ்பைவேர்கள் உங்கள் இணையப் போக்குவரத்தைத் தம் வழியாகத் திருப்பிவிட்டிருக்கும். அந்தப் புரோகிராம் போய்விட்டது. திருப்பிவிட்ட அமைப்பு அப்படியே இருக்கிறது. செட்டிங்ஸ், நெட்வொர்க் அண்ட் இன்டர்நெட், பிராக்ஸி போங்கள். "யூஸ் எ பிராக்ஸி சர்வர்" ஆனில் இருந்து, முகவரி 127.0.0.1 என்று இருந்தால் அதை அணையுங்கள். பெரும்பாலும் உடனே சரியாகிவிடும். இல்லையென்றால் அதே நெட்வொர்க் பகுதியில் "நெட்வொர்க் ரீசெட்" இருக்கிறது. வைஃபை பாஸ்வேர்டைத் திரும்பக் கொடுக்க வேண்டியிருக்கும்.

வீட்டில் உள்ள போன், டிவி எல்லாவற்றிலும் தவறான தளங்கள் திறந்தால் கோளாறு ரூட்டரில். தளத்தின் பெயரைக் கொடுத்தால் அது எங்கே இருக்கிறது என்று வழிகாட்டுவது டிஎன்எஸ். ரூட்டரில் உள்ள டிஎன்எஸ் முகவரியை மாற்றியிருக்கலாம். டிஎன்எஸ் சேஞ்சர் என்ற மால்வேர் டிஎன்எஸ் முகவரியை மாற்றித்தான் சுமார் 40 லட்சம் கம்ப்யூட்டர்களைப் பிடித்து வைத்திருந்தது. 2011 நவம்பரில் எஃப்பிஐ அந்தக் கும்பலை மடக்கியது. ரூட்டரை ஃபேக்டரி ரீசெட் செய்து, அதன் உள் மென்பொருளான ஃபர்ம்வேரைப் புதுப்பித்து, அட்மின் பாஸ்வேர்டை மாற்றுங்கள். வைஃபை பாஸ்வேர்டு வேறு, அட்மின் பாஸ்வேர்டு வேறு. இரண்டாவதைத்தான் யாரும் மாற்றுவதில்லை.

15. "நீங்க ரோபோ இல்லைன்னு நிரூபிங்க"ன்னு ஒரு பக்கம் விண்டோஸ் விசையும் ஆர் (R) விசையும் அழுத்தி, பேஸ்ட் பண்ணி என்டர் தட்டச் சொன்னுச்சு. தட்டிட்டேன்.

இதை எல்லாருக்கும் சொல்லுங்கள். 2024 முதல் அதிகம் பரவும் தந்திரம் இது. அந்தப் பக்கம் நீங்கள் அறியாமலே ஒரு கட்டளையை உங்கள் கிளிப்போர்டில் காப்பி செய்துவிடுகிறது. விண்டோஸ் விசையும் ஆரும் அழுத்தினால் "ரன்" பெட்டி திறக்கும். பேஸ்ட் செய்ததும் அந்தக் கட்டளை அதில் விழும். என்டர் தட்டியதும் நீங்களே அதை ஓட்டிவிடுகிறீர்கள். எந்த உண்மையான சரிபார்ப்பும் பிரவுசருக்கு வெளியே எதையும் செய்யச் சொல்லாது.

பெரும்பாலும் இப்படி இறங்குவது பாஸ்வேர்டு திருடும் மென்பொருள். உடனே இணையத்தைத் துண்டியுங்கள், ஆஃப்லைன் ஸ்கேன் ஓட்டுங்கள். வேறொரு சுத்தமான கருவியிலிருந்து முதலில் மெயில், அடுத்து வங்கி, பிறகு மற்றவை என்று பாஸ்வேர்டை மாற்றுங்கள். பாதித்த கம்ப்யூட்டரிலேயே மாற்றினால் புதிய பாஸ்வேர்டும் அவர்களுக்கே போகும்.

16. பாஸ்வேர்டையும் மாத்திட்டேன், ஓடிபியும் வச்சிருக்கேன். அப்பவும் யாரோ என் மெயிலுக்குள்ள வர்றாங்க. எப்படி?

திருடுபவர்கள் பாஸ்வேர்டோடு பிரவுசரின் லாகின் குக்கிகளையும் எடுத்துப் போகிறார்கள். நீங்கள் ஏற்கெனவே உள்ளே நுழைந்துவிட்டீர்கள் என்பதற்கான அடையாளம் அது. வைத்திருப்பவரிடம் ஓடிபி கேட்காது. எனவே கணக்கின் பாதுகாப்புப் பகுதியில் "எல்லாக் கருவிகளிலிருந்தும் வெளியேறு" என்பதைக் கட்டாயம் கொடுங்கள்.

அங்கேயே மூன்று இடங்களைத் திறந்து பாருங்கள்: மீட்பு எண்ணும் மீட்பு மெயிலும் உங்களுடையவையா, தெரியாத ஆப் எதற்காவது அனுமதி இருக்கிறதா, மெயிலை வேறு முகவரிக்குத் தானாக அனுப்பும் விதி ஏதாவது இருக்கிறதா. கடைசியாகச் சொன்ன விதியை வைத்துவிட்டால், பிறகு உள்ளே வர வேண்டிய அவசியமே அவர்களுக்கு இல்லை. உங்கள் மெயில்கள் தாமாகவே போய்க்கொண்டிருக்கும்.

17. "உன் கேமராவில உன்னைப் படம் பிடிச்சிருக்கேன்"னு மெயில் வந்திருக்கு. என் பழைய பாஸ்வேர்டை வேற சரியா எழுதியிருக்கான்.

பணம் அனுப்பாதீர்கள், பதில் எழுதாதீர்கள். எப்போதோ ஏதோ ஒரு தளத்திலிருந்து கசிந்த பட்டியலில் உங்கள் மெயிலும் பாஸ்வேர்டும் இருந்திருக்கின்றன. அதே கடிதத்தை அந்தப் பட்டியலில் உள்ள எல்லாருக்கும் அனுப்புகிறார்கள். படம் இருந்தால் ஆதாரமாக அதைக் காட்டியிருப்பார்கள். பாதுகாப்பு நிபுணர் டிராய் ஹண்ட் 2013இல் தொடங்கிய "ஹேவ் ஐ பீன் போன்ட்" தளத்தில் உங்கள் மெயில் முகவரியைக் கொடுத்தால், எந்தக் கசிவில் போனது என்று தெரியும். அந்தப் பழைய பாஸ்வேர்டு இன்னும் எங்காவது பயன்பாட்டில் இருந்தால் மாற்றுங்கள்.

18. என்னோட இருக்கிறவரே என் கம்ப்யூட்டர்ல ஏதோ போட்டு வேவு பார்க்கிறார்னு தோணுது. எப்படிக் கண்டுபிடிச்சு எடுக்கிறது?

இந்தக் கேள்விக்கு மட்டும், உடனே எடுக்கச் சொல்ல மாட்டேன். அந்த நபரிடம் உங்களுக்குப் பயம் இருந்தால், மென்பொருளை நீக்கியதும் அவருக்குத் தெரிந்துவிடும். அதனால் நிலைமை மோசமாகலாம். இப்போது படிக்கும் இந்தக் கம்ப்யூட்டரிலேயே இதைப் பற்றித் தேடுவதும் அவர் கண்ணில் படலாம். நம்பகமான ஒருவரின் கருவியிலிருந்து, அவருக்குத் தெரியாத புதிய மெயில் கணக்கு ஒன்றைத் தொடங்குங்கள். குடும்ப வன்முறைக்கு எதிராக உதவும் அமைப்பு ஒன்றோடு பேசி, பாதுகாப்பான திட்டம் போட்ட பிறகு நீக்கலாம். தடயம் பின்னால் தேவைப்படக்கூடும் என்பதும் ஒரு காரணம்.

பயம் இல்லை, சந்தேகம் மட்டும்தான் என்றால் 8ஆம் பதிலின் வரிசையைச் செய்யுங்கள். கூடவே கீபோர்டு கேபிளுக்கும் கம்ப்யூட்டருக்கும் நடுவில் விரல் நுனி அளவு யுஎஸ்பி துண்டு செருகியிருக்கிறதா என்று பின்புறம் தடவிப் பாருங்கள். தட்டச்சு செய்வதைப் பதிவுசெய்யும் அந்தக் கருவியை எந்த ஸ்கேனாலும் கண்டுபிடிக்க முடியாது. பல நேரம் மென்பொருளே தேவைப்படுவதில்லை. உங்கள் பாஸ்வேர்டு அவருக்குத் தெரிந்திருந்தாலே போதும்.

19. ஃபார்மட் பண்ணிடலாமா?

13, 15 போன்ற நிலைமைகளில் ஆமாம். மணிக்கணக்கில் துரத்துவதை விட அது நிம்மதி. செட்டிங்ஸில் ரிக்கவரி, ரீசெட் திஸ் பிசி போய் "ரிமூவ் எவ்ரிதிங்", "கிளவுட் டவுன்லோட்" இரண்டையும் தேர்ந்தெடுங்கள். கிளவுட் என்றால் விண்டோஸை மைக்ரோசாஃப்ட்டிடமிருந்து புதிதாக இறக்கும். முன்னதாகப் படங்களையும் ஆவணங்களையும் வெளி டிஸ்க்கில் எடுத்து வையுங்கள். இன்ஸ்டாலர் ஃபைல்களையும் கிராக்குகளையும் எடுக்க வேண்டாம். அவை வழியாக எல்லாம் திரும்பி வரும். வெறும் நோட்டிபிகேஷன் தொல்லைக்காக ஃபார்மட் செய்யாதீர்கள். அதே கணக்கில் நுழைந்ததும் ஒத்திசைவு வழியாகப் பழைய எக்ஸ்டென்ஷன்கள் திரும்பக்கூடும்.

20. மேக்குக்கு இதெல்லாம் வராதுதானே?

வரும். 2012இல் ஃபிளாஷ்பேக் என்ற மால்வேர் 6 லட்சத்துக்கும் அதிகமான மேக்குகளைப் பிடித்தது. சஃபாரி செட்டிங்ஸில் நோட்டிபிகேஷன், எக்ஸ்டென்ஷன் இரண்டையும் பாருங்கள். சிஸ்டம் செட்டிங்ஸில் "லாகின் ஐட்டம்ஸ்" பாருங்கள். அங்குள்ள தேடல் கட்டத்தில் "ப்ரொஃபைல்ஸ்" என்று தேடுங்கள். சொந்த மேக்கில் நீங்கள் போடாத ப்ரொஃபைல் இருந்தால், அது 12ஆம் பதிலில் சொன்ன விதியின் மேக் வடிவம். நீக்குங்கள்.

21. புதுசா வாங்கின லேப்டாப்லயே ஸ்பைவேர் இருக்க வாய்ப்பிருக்கா?

நடந்திருக்கிறது. 2014, 2015 வாக்கில் லெனோவோ விற்ற சில லேப்டாப்களில் சூப்பர்ஃபிஷ் என்ற மென்பொருள் முன்கூட்டியே இருந்தது. நீங்கள் பார்க்கும் பக்கங்களுக்குள் விளம்பரம் புகுத்துவதற்காக, பூட்டு அடையாளம் உள்ள பாதுகாப்பான இணைப்புகளையும் அது இடைமறித்தது. எல்லா லேப்டாப்பிலும் ஒரே சாவி என்பதால் வேறு எவரும் அதைப் பயன்படுத்தி ஏமாற்ற முடியும் என்ற நிலை. 2015 பிப்ரவரியில் இது பெரிதாக வெடித்தபோது, முந்தைய மாதமே அதைப் புதிய லேப்டாப்களில் வைப்பதை நிறுத்திவிட்டதாக லெனோவோ சொன்னது. புதுக் கம்ப்யூட்டர் வந்த அன்றே இன்ஸ்டால்டு ஆப்ஸ் பட்டியலைப் பார்த்து, தேவையில்லாத சோதனைப் பதிப்புகளை எடுத்துவிடுங்கள்.

22. விளம்பரத் தடுப்பான் போடலாமா? அதுவே ஸ்பைவேரா இருந்தா?

போடுங்கள். போலி விளம்பரங்கள் வழியாக ஏமாற்று நடப்பதால், விளம்பரத் தடுப்பான் பயன்படுத்தும்படி எஃப்பிஐயே 2022 டிசம்பரில் அறிவுறுத்தியது. ஆனால் உங்கள் பயம் நியாயமானது. 2018இல் குரோம் ஸ்டோரில் இருந்த போலித் தடுப்பான்களை 2 கோடிக்கும் அதிகமானோர் நிறுவியிருந்தது வெளிப்பட்டது. பிரபலமான பெயரில் ஒரு சொல்லைக் கூட்டிக் குறைத்து வைத்திருப்பார்கள்.

ஃபயர்ஃபாக்ஸில் யூபிளாக் ஆரிஜின், குரோமில் யூபிளாக் ஆரிஜின் லைட். இரண்டையும் எழுதியவர் ரேமண்ட் ஹில். நிறுவும் முன் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். "யூபிளாக்" என்று மட்டும் இருப்பது வேறு.

23. விண்டோஸ் 10தான் வச்சிருக்கேன். சுத்தம் பண்ணினா போதுமா?

விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14ஓடு முடிந்தது. வீட்டுப் பயனர்களுக்கு நீட்டிக்கப்பட்ட பாதுகாப்புத் திட்டம் ஒன்றை மைக்ரோசாஃப்ட் அறிவித்தது. செட்டிங்ஸின் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில் அதில் சேரும் இணைப்பு தெரிகிறதா என்று பாருங்கள். 11க்கு மாற உங்கள் கம்ப்யூட்டர் தகுதியா என்பதும் அதே பக்கத்தில் தெரியும். இரண்டும் இல்லாவிட்டால் வங்கி வேலைகளை வேறு கருவிக்கு மாற்றுங்கள்.

24. சுத்தமாயிடுச்சுன்னு எப்படித் தெரிஞ்சுக்கிறது?

ஒரு வாரம் கவனியுங்கள். நோட்டிபிகேஷன் பட்டியலில் புதிய முகவரி சேர்ந்திருக்கிறதா, எடுத்த எக்ஸ்டென்ஷன் திரும்பியிருக்கிறதா, ஹோம் பேஜ் மாறியிருக்கிறதா, டிஃபெண்டரின் "புரொடெக்‌ஷன் ஹிஸ்டரி"யில் ஒரே பெயர் மறுபடி மறுபடி வருகிறதா. நான்கும் இல்லையென்றால் நிம்மதியாக இருக்கலாம். ஒரே பெயர் திரும்ப வந்தால், அதை மறுபடி வைக்கும் ஒன்று இன்னும் உள்ளே இருக்கிறது. 11ஆம் பதிலின் மூன்றாவது இடத்திலிருந்து ஆரம்பியுங்கள்.

பிறகு தினசரி உபயோகத்துக்கு அட்மின் அல்லாத "ஸ்டாண்டர்டு" கணக்கு ஒன்றை உருவாக்கி, குழந்தைகளும் பெரியவர்களும் அதிலேயே நுழையும்படி செய்யுங்கள். கம்ப்யூட்டர் முழுவதையும் மாற்றக்கூடிய எதையாவது நிறுவப் பார்த்தால் அட்மின் பாஸ்வேர்டு கேட்கும், உங்களைக் கூப்பிடுவார்கள். பிரவுசர் எக்ஸ்டென்ஷனையும் நோட்டிபிகேஷனையும் அது தடுக்காது. அந்த இரண்டு பட்டியலையும் மாதம் ஒருமுறை திறந்து பார்க்க வேண்டும்.